கார் சாவி தொலைந்தால் ஏன் இவ்வளவு செலவு?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் சாவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னால், மேஜை மேல் இருப்பதையும் லேப்டாப்பையும் சொல்வீர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் செல்போனையும் சேர்த்துக்கொள்வார். வாசலில் நிற்கும் காரை யாரும் சொல்வதில்லை. ஆணியில் தொங்கும் அதன் சாவியை நிச்சயம் சொல்ல மாட்டார்கள். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளுக்குள் வந்த பெரும்பாலான கார்களின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பை நம்பித்தான் கார் ஸ்டார்ட் ஆகிறது. இதை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சை. திருச்சிக்குக் காரில் போயிருந்தோம். கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். "இன்னொன்று வீட்டில் எங்கேயோ இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை, நாங்களும் விட்டுவிட்டோம். மருந்துக் கடைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே எங்கேயோ அந்த ஒற்றைச் சாவியைத் தொலைத்தேன்.

பிளாட்பாரத்தில் சாவி போடும் ஒருவரை அழைத்து வந்தேன். அரை மணி நேரத்தில் பூட்டுக்குப் பொருந்தும் சாவியை ராவித் தந்தார். 400 ரூபாய். கதவு திறந்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் உறுமியது, இரண்டு விநாடியில் அணைந்தது. மறுபடியும் அப்படியே. டேஷ்போர்டில் சாவி படம் போட்ட சின்ன விளக்கு மட்டும் விடாமல் மினுக்கியது. "சார், இது சிப் வெச்ச சாவி. என்னால இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சர்வீஸ் சென்டரில் கேட்ட முதல் கேள்வி, "இன்னொரு சாவி இருக்கா?" இல்லை என்றதும் பேச்சு மாறியது. பூட்டு செட், சாவி, அவற்றோடு பேசும் எலக்ட்ரானிக் பெட்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். 22 ஆயிரம் ரூபாய். பாகம் வர எட்டு நாள். வண்டியை இழுத்து வர தனிக் கட்டணம். ஆர்.சி. புக், அடையாள அட்டை, சாவி தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது எல்லாம் வேண்டும். கண்ணில் கட்டோடு அப்பாவை டாக்சியில் ஊருக்கு அழைத்துப் போனேன். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற எனக்கே, ஒரு சாவிக்கு எதற்கு 22 ஆயிரம் என்று கோபம்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து படித்தபோது, அந்தக் கோபத்தில் பாதி நியாயம், பாதி அறியாமை என்று புரிந்தது.

சாவிக்குள் என்ன இருக்கிறது?

பட்டன் உள்ள ஒரு சாதாரண கார் சாவியில் மூன்று தனித்தனிப் பொருட்கள் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கின்றன. ஒன்று உலோகத் தகடு. இரண்டாவது, கதவைத் திறக்க மூட உதவும் ரிமோட். இதற்கு ஒரு நாணய வடிவ பேட்டரி உண்டு. மூன்றாவதுதான் நம் கதையின் நாயகன்: டிரான்ஸ்பாண்டர் சிப். நெல்மணியைவிடச் சற்றுப் பெரிதாக, கண்ணாடிக் குப்பியாகவோ கறுப்புத் துண்டாகவோ இருக்கும். இதற்கு பேட்டரி கிடையாது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. நீங்கள் சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். அதிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். வயர் இல்லாமல் செல்போனை சார்ஜ் செய்கிறோமே, அதே தத்துவம்தான்.

விழித்த சிப்பும் காரும் என்ன பேசிக்கொள்கின்றன? இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. நீங்கள் விண்டோஸில் நுழைய பாஸ்வேர்ட் தருகிறீர்கள். பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிட்டால் அந்த பாஸ்வேர்ட் அவருக்கும் தெரிந்துவிடும். சாவியும் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால் இதே ஆபத்து வரும். ஆரம்ப காலச் சிப்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. பின்னால் வந்தவை வேறு வழியைப் பிடித்தன.

உங்கள் குடும்பத்துக்குள் ஒரு ரகசிய விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும் எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்ட வேண்டும். இரவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளிருந்து அம்மா "12" என்கிறார். வெளியே இருப்பவர் "43" என்றால் நம்மவர். இதை ஒட்டுக்கேட்ட திருடன் மறுநாள் வந்து "43" என்று சொன்னால் பயன் இல்லை. ஏனென்றால் அன்று அம்மா "20" என்பார், பதில் 67. கார் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைத் தருகிறது. சிப் தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் தருகிறது. பதில் சரியாக இருந்தால்தான் இம்மொபிலைசர் என்ற பெட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு "சரி, பெட்ரோல் விடலாம்" என்று தகவல் தரும். தவறானால் நான் பார்த்ததுபோல இரண்டு விநாடியில் அணைந்துவிடும். சில கார்களில் ஸ்டார்ட்டே ஆகாது. ரகசியம் மட்டும் ஒருபோதும் வெளியே வருவதில்லை.

பிளாட்பாரச் சாவிக்காரரின் சாவி ஏன் தோற்றது என்பது இப்போது புரிந்திருக்கும். அவர் ராவிய தகட்டில் குறை எதுவும் இல்லை. கேள்வி கேட்டபோது பதில் சொல்ல உள்ளே யாரும் இல்லை.

இந்தத் தொல்லை தேவைதானா?

தேவைதான் என்பதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 2015 மாடல் கார்களில், மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. செலவை மிச்சம் பிடித்ததன் விளைவு சில ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. சாவித் துவாரத்தின் மூடியைப் பெயர்த்துவிட்டு, உள்ளே நீட்டியிருக்கும் முனையில் யு.எஸ்.பி. கேபிளின் தலையை மாட்டித் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆனது. ஆமாம், பிரின்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்க நாம் பயன்படுத்தும் அதே யு.எஸ்.பி.தான். அளவு பொருந்தியது, அவ்வளவுதான். 2022-ல் இதைச் செய்து காட்டும் வீடியோக்கள் பரவி, நகரம் நகரமாகக் கார்கள் திருடு போயின. 2023 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச சாப்ட்வேர் அப்டேட் தருவதாக அறிவித்தன. பக்கத்து நாடான கனடாவில் இந்தத் தலைவலி வரவில்லை. அங்கே 2007 முதலே புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம்.

அதற்காக இந்தச் சிப்கள் உடைக்க முடியாதவை என்று நினைத்துவிட வேண்டாம். 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்தவர்கள், அப்போது கோடிக்கணக்கில் புழக்கத்தில் இருந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் ஒன்றின் ரகசியத்தை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அதன் ரகசியம் 40 பிட் நீளம். கேட்க ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். ஆனால் வேகமான ஹார்ட்வேருக்கு அது பெரிய வேலை இல்லை. இதனால்தான் புதிய சிப்களில் 128 பிட் நீளமுள்ள ரகசியங்கள் வந்தன.

பணம் எங்கே போகிறது?

பிளாஸ்டிக் கூடும் சிப்பும் மலிவானவை. தகட்டை வெட்டுவதும் பெரிய செலவு இல்லை. நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும் பகுதி, புதிய சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்தும் வேலைக்குப் போகிறது. ஸ்டியரிங்கின் கீழே ஓ.பி.டி. என்ற ஒரு சாக்கெட் இருக்கும். அதில் டீலரின் கருவியை மாட்டி, சில கார்களில் ஒரு ரகசிய பின் எண்ணையும் கொடுத்து, "இந்தச் சிப்பும் இனி உன் ஆள்" என்று காரின் நினைவில் பதிவு செய்கிறார்கள். வேலை சில நிமிடம்தான். ஆனால் அந்தக் கருவியும் எண்ணும் யாரிடம் இருக்கின்றனவோ, விலையை அவர்தான் சொல்வார்.

வேலை செய்யும் ஒரு சாவி உங்களிடம் இருந்தால் அது காரிடம் உங்களை நம்பிக்கைக்குரியவராகக் காட்டும். அமெரிக்காவில் விற்ற பல ஃபோர்டு மாடல்களில், பதிவான இரண்டு சாவிகள் கையில் இருந்தால் மூன்றாவதை நீங்களே சில விநாடிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று காருடன் வரும் புத்தகத்திலேயே செய்முறை இருக்கும். ஒரு சாவியும் இல்லை என்றால் நிலைமை தலைகீழ். நீங்கள் உரிமையாளரா, திருடனா என்று காருக்குத் தெரியாது. அந்தச் சூழ்நிலையை எப்படிக் கையாள்வது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. சிலவற்றில் பின் எண் போதும். சிலவற்றில் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். 1990-களில் ஐரோப்பாவில் வந்த ஃபியட் கார்களுடன் சிவப்பு நிறத்தில் ஒரு தலைமைச் சாவி கொடுத்தார்கள். புதிய சாவி சேர்க்க அது வேண்டும். அதைத் தொலைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று அந்தக் கார் புத்தகமே எச்சரித்தது. எத்தனை பேர் படித்தார்களோ!

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ரகசியம் வேண்டும், சரிபார்ப்பு வேண்டும், ஆர்.சி. புக் கேட்பதும் சரி. ஆனால் என் காரின் பின் எண்ணை எனக்கே தராமல் இருப்பதும், சரிபார்த்த பிறகும் எட்டு நாள் காக்க வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுது நீக்கும் உரிமைக்கான இணைய தளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவாக உள்ளன. உங்கள் கார் நிறுவனம் அதில் என்ன தகவல் தந்திருக்கிறது என்று ஒருமுறை பார்க்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரே சாவி இருக்கிறது என்றால் இந்த வாரமே இரண்டாவதைப் போட்டுவிடுங்கள். கடைசிச் சாவியும் தொலைந்த பின் நான் கொடுத்த தொகையில் பாதிகூட ஆகாது. காரும் உங்களிடமே இருக்கும். சிப்பை நகல் எடுக்கும் கருவி வைத்திருக்கும் சாவிக் கடைகளும் நகரங்களில் உள்ளன. பழைய வகைச் சிப்களுக்கு இது மலிவான வழி. ஆனால் உங்கள் சாவியின் நகலை எடுப்பவர் தனக்கும் ஒன்று எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், முகவரி தெரிந்த, பில் தரும் கடையாகப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன்பே இரண்டு சாவியையும், சாவி எண் பொறித்த சின்னத் தகடு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகி இருக்கின்றன என்று பல கார்களில் டீலரின் கருவி காட்டும். உங்களிடம் இரண்டு, காரிடம் மூன்று என்றால் அந்த மூன்றாவது எங்கோ ஒருவர் கையில் இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லிவிடலாம். கார் திருடு போனால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வழக்கமாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்றை மட்டும் கொடுத்தால் கேள்வி வரும். விற்றவர் தரவில்லை என்று அப்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சாவி தொலைந்தால் ஈடு தரும் கூடுதல் பாலிசியும் உண்டு. அடுத்த முறை புதுப்பிக்கும்போது விசாரியுங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றதும் பயந்து புதிய சாவிக்கு ஓட வேண்டாம். முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற வகைதான். உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நேரத்தை நினைவில் வைத்திருக்கும் பேட்டரியும் பொதுவாக இதுவே. பழையதைக் கழற்றி அதன் மேல் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி தீர்ந்தாலும், துவாரத்தில் நுழைத்துத் திருப்பும் சாவியாக இருந்தால் கார் ஸ்டார்ட் ஆகும். சிப்புக்கு பேட்டரி தேவை இல்லை என்று பார்த்தோம் அல்லவா? பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காராக இருந்தால், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் தகட்டுச் சாவியை உருவிக் கதவைத் திறந்துகொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் இது போதும். சிலவற்றில் ரிமோட்டை வைக்கத் தனி இடம் இருக்கும். கார் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இப்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் காருக்குள்ளேயே இருந்தால், செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.