சாயமின்றித் தோன்றும் வண்ணம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு நோக்கி மலைப்பாதையில் ஏறுவோர் காப்பிச் செடிகளையும் ஏலத் தோட்டங்களையும் காண்பர். ஊருக்குள்ளோ இலவம்பஞ்சு வாணிகம் பெயர் பெற்றது. காப்பி, பஞ்சு, ஏலம் ஆகிய இம்மூன்றின் துணைகொண்டு, விஞ்ஞானம் கண்ட விந்தையொன்றை நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் காப்பி. மேசைமீது சிந்திய காப்பித்துளி உலர்ந்தபின் உற்று நோக்குங்கள். நடுவே வெளிறியும் விளிம்பில் கருத்தும் ஒரு வளையம் தெரியும். துளியின் விளிம்பு மேசையைப் பற்றிக்கொண்டு நகராது நிற்கிறது. அங்கே நீர் விரைந்து ஆவியாகிறது. அதனை ஈடுசெய்ய நடுவிலிருந்து ஓடிவரும் நீர், காப்பித் துகள்களையும் சுமந்து வந்து விளிம்பில் குவிக்கிறது. யாவரும் அன்றாடம் காணும் இக்கறைக்குச் சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டில்தான் இவ்விளக்கத்தை அளித்தனர்.

அடுத்தது பஞ்சு. பஞ்சு, மரம், வைக்கோல் ஆகிய அனைத்திற்கும் உடலாய் அமைந்த பொருள் செல்லுலோஸ். பருத்தியையோ மரக்கூழையோ கந்தக அமிலத்தில் அளவாகச் சூடேற்றினால், அதன் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து நுண்படிகங்கள் மட்டும் எஞ்சும். ஊசி போன்ற இவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே! அமிலம் தந்த மின்னூட்டத்தால் இவை ஒன்றையொன்று விலக்கி, கட்டிதட்டாமல் நீரில் மிதக்கின்றன.

நீர் வற்ற வற்ற, இவ்வூசிகள் தாமாகவே அடுக்கடுக்காய் அணிவகுக்கின்றன. ஒவ்வோர் அடுக்கும் தன் கீழடுக்கினின்று சற்றே திரும்பி, சுழற்படிக்கட்டு போல அமைகிறது. இதனைக் கனடா நாட்டு ஆய்வாளர்களான ரெவோல், கிரே முதலியோர் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முற்றும் உலர்ந்தால் மெல்லிய ஏடு கிடைக்கிறது. படிக்கட்டின் ஒரு முழுச் சுற்றின் உயரத்தைப் பொறுத்து ஏடு நிறம் கொள்கிறது. சுற்று நீண்டால் செம்மை, குறுகினால் நீலம். சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும். சாயம் ஒரு சொட்டும் இல்லை!

சிப்பியின் உட்புறத்தில் மின்னும் நிறங்களும் சாயத்தால் வந்தவையல்ல, அமைப்பினால் விளைந்தவையே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1930-களில் அவற்றை ஆராய்ந்தார் என்பது நமக்குப் பெருமை.

ஆயினும் செல்லுலோஸ் துளியிலும் காப்பிக் கறையின் தொல்லை உண்டு. ஊசிகள் விளிம்புக்கு ஓடுவதால், உலர்ந்த துளி நிறநிறமான வளையங்களாகப் பிரிந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2019-இல் துளிகளை எண்ணெயால் மூடி, நீர் மெல்ல வெளியேறுமாறு செய்தனர். துளி முழுவதும் ஒரே சீரான நிறம் பெற்றது.

இதனை ஏலம் விளைவிப்போர் எளிதில் உணர்வர். பறித்த காயை மிதமான சூட்டில் மணிக்கணக்காகப் பக்குவமாய் உலர்த்தினாலன்றோ பச்சை நிலைக்கும்? சூடு மிகுந்தால் நிறமும் போம், விலையும் போம். ஏலத்தின் பச்சை பச்சையத்தால் வந்தது. ஏட்டின் நிறம் அமைப்பால் வந்தது. எனினும் இரண்டிற்கும் உலர்த்தும் பக்குவமே உயிர். வெளிறிய காய்க்குச் செயற்கைச் சாயம் ஏற்றுவது சட்டம் விலக்கிய செயல், உண்போர்க்கும் கேடு.

இவ்வாராய்ச்சியால் நமக்கென்ன பயன்? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் வாங்கும் நட்சத்திரங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் மின்னும் பொடி பெரும்பாலும் பிளாஸ்டிக் துகளே. விழா முடிந்ததும் அது குப்பையோடும் மழைநீரோடும் கொட்டகுடி ஆறு வரை செல்லக்கூடும், மக்கி மறைவதில்லை. இத்தகைய பொடிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கட்டுப்பாடு விதித்தது. 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செல்லுலோஸ் ஏட்டை நீண்ட சுருளாகவே உலர்த்தி, அதனைப் பொடித்து மின்னும் துகளாக்கிக் காட்டினர். ஈரம் பட்டால் ஏடு உப்பி நிறம் மாறும் என்னும் குறை உண்டு. அதனை நீக்கும் வழிகளும் ஆராயப்படுகின்றன.

பெற்றோரே! நாளைக் காலை மேசையில் சிந்திய காப்பியை உடனே துடைத்துவிடாதீர்கள். உலர விட்டு, அந்த வளையத்தை உங்கள் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் நட்சத்திரத்தின் பளபளப்பு எதனால் ஆனது என்றும் அவர்களோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.