கர்ப்ப காலத்தில் பயணக் காப்பீடு: பணம் செலுத்தும் முன் அறிய வேண்டியவை

வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். வண்டலூர், தாம்பரம் பகுதிகளில் வசிக்கும் குடும்பத்தினர் பலர், கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்தோ தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்தோ தென்மாவட்டங்களுக்கு இரவு முழுவதும் பயணம் செய்கின்றனர். சிலர் கணவர் பணிபுரியும் நாட்டிற்கு விமானத்தில் செல்கின்றனர். காப்பீடு எடுத்துவிட்டால் எல்லாச் செலவும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான பயணக் காப்பீடுகள் மகப்பேற்றுச் செலவை ஏற்பதில்லை.

காப்பீடு எதை ஏற்கும்? எதை ஏற்காது?

காப்பீடு என்பது எதிர்பாராத இழப்புக்கானது. பிரசவம் எதிர்பார்க்கப்படும் நிகழ்வு என்பதால் அது விலக்குகளின் பட்டியலில் இடம்பெறுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவக் காப்பீட்டிற்கு வகுத்துள்ள பொதுவான மகப்பேறு விலக்கில் சுகப்பிரசவம், சிசேரியன், விபத்தால் நேராத கருச்சிதைவு ஆகியவை அடங்கும். கருப்பைக்கு வெளியே கரு தங்கும் நிலைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பயணக் காப்பீடுகளிலும் இதையொத்த விலக்குகளே காணப்படும்.

ஆயினும், கர்ப்பிணிகள் பயணக் காப்பீடு பெறலாம். எலும்பு முறிவு, காய்ச்சல், உடைமை இழப்பு போன்ற கர்ப்பத்தோடு தொடர்பில்லாத இழப்புகளுக்கு, பாலிசியின் விதிகளுக்கு உட்பட்டு இழப்பீடு கிடைக்கும்.

உள்நாட்டில் பயணம் செய்கிறீர்களா?

ரயில் பயணச்சீட்டை இணையத்தில் பதிவு செய்யும்போது சில காசுகளுக்குக் கிடைக்கும் காப்பீடு, ரயில் விபத்து போன்ற நிகழ்வுகளுக்கானது. வழியில் பிரசவ வலி ஏற்பட்டால் அது உதவாது.

அந்நேரத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது அரசு மருத்துவமனை. 2011இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, தேவையான இரத்தம் ஆகியவை கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கும் இது பொருந்தும். எனவே, வழியிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைகளின் பெயர்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்திற்கு 108ஐ அழையுங்கள்.

வெளிநாடு செல்கிறீர்களா?

அரசு காப்பீட்டு அட்டைகள் வெளிநாட்டில் பயன்படா. ஆகவே, பணம் செலுத்தும் முன் பின்வரும் கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் பெறுங்கள்:

- கர்ப்பத்தால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் சிகிச்சைச் செலவு ஏற்கப்படுமா? எத்தனையாவது வாரம் வரை?
- குறைமாதத்தில் குழந்தை பிறந்தால் அதன் தீவிர சிகிச்சைச் செலவு ஏற்கப்படுமா? தாய்க்குரிய காப்பீடு குழந்தைக்கும் பொருந்தும் என்று கருதிவிடாதீர்கள். பல வாரங்கள் நீளக்கூடிய இச்சிகிச்சையே பெருஞ்செலவு வைக்கும்.
- மருத்துவர் அறிவுரைப்படி பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

வார வரம்பைக் கணக்கிடும்போது, புறப்படும் நாளை மட்டுமன்றி, திரும்பி வரும் நாளில் எத்தனையாவது வாரம் என்பதையும் பாருங்கள். சிக்கலற்ற, ஒற்றைக் குழந்தைக் கர்ப்பத்தில் 36 வாரம் வரை விமானப் பயணம் பொதுவாகப் பாதுகாப்பானது. எனினும், பல விமான நிறுவனங்கள் 28 வாரத்திற்குப் பின் மருத்துவச் சான்று கேட்கும். இரட்டைக் குழந்தைகள் எனில் வரம்பு மேலும் குறையும்.

உண்மையை மறைக்க வேண்டாம்

விண்ணப்பத்தில் கேட்கப்பட்டால் கர்ப்பம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். உரிய இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுதுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

புறப்படும் முன்

- மருத்துவரைச் சந்தித்துப் பயணத்திற்கு ஒப்புதல் பெறுங்கள்.
- தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகை விவரம், மருந்துகள் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள்.
- நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். இயன்றபோதெல்லாம் எழுந்து நடங்கள். போதிய நீர் அருந்துங்கள்.
- இருக்கைப் பட்டையை வயிற்றின் மீது அல்லாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மீது அணியுங்கள்.

உடனே மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள்

இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், விட்டு விட்டு வரும் வயிற்று வலி, கடும் தலைவலியுடன் பார்வை மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் பயணத்தைத் தொடர வேண்டாம். காப்பீடு ஏற்குமா என்று விசாரித்துக் காத்திருக்காமல், அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.