பல்லில் கம்பி, கையில் மிஸ்வாக்

"பல்லுக்குக் கம்பி போட்டாச்சு, இனி மிஸ்வாக் பாவிக்கலாமா?" என்று பிள்ளைகளும் உம்மாமாரும் கேட்பதுண்டு. தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் அது செய்யும் வேலை எது, செய்யாத வேலை எது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கம்பி கட்டும்போது ஒவ்வொரு பல்லிலும் பிரக்கெட் எனும் சிறு துண்டு ஒட்டப்படுகிறது. அதன் ஓரங்களிலும் கம்பியின் கீழும் உணவுத் துணுக்கு தங்கும். அங்கே ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பக்டீரியாக்கள் படலமாகப் படிந்து, சீனியை அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கவனிக்காது விட்டால் நான்கு வாரங்களிலேயே வெள்ளைத் தழும்பு தெரியலாம். கம்பியைக் கழற்றும் நாளில் பல் நேராகியிருக்கும், தழும்போ அப்படியே இருக்கும்.

மிஸ்வாக் என்பது உகாய் மரத்தின் வேர் அல்லது கிளை. அதன் காரத்துக்குக் காரணம் பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள். கடுகின் காரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முரசு நோய்க்குக் காரணமான சில பக்டீரியாக்களை இது கொல்வது ஆய்வுகூடச் சோதனைகளில் தெரிந்துள்ளது. மியூட்டன்ஸ் வகையில் அந்தப் பலன் அவ்வளவு வலுவாக இல்லை. ஆய்வுகூடத் தட்டில் கண்ட பலன் கம்பிக்குள் ஒளிந்திருக்கும் படலத்திலும் அப்படியே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. நார் தொடாத இடத்தில் அழுக்கு இருக்கத்தான் செய்யும்.

ஆகவே தொழுகைக்கு முன் மிஸ்வாக் செய்பவர் அதை விட வேண்டியதில்லை. நுனியை நன்றாக ஊறவைத்து, மென்மையாக மென்று, பிரக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை தேய்க்கட்டும். அழுத்தித் தேய்த்தால் பிரக்கெட் கழன்றுவிடும். பழைய நாரை வெட்டிவிட வேண்டும்; கம்பியில் நார் சிக்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பது நல்லது.

காலையிலும் இரவு படுக்குமுன்னும் மென்மையான பிரஷ்ஷும் புளோரைட் பற்பசையும் கட்டாயம். கம்பியின் கீழே நுழையச் சின்னப் பிரஷ் தனியாக உண்டு. நோன்பு காலத்தில் இஃப்தாருக்குப் பின்னும் ஸஹருக்குப் பின்னும் துலக்கினால் போதும். பேரீச்சம்பழம் கம்பியில் ஒட்டிக்கொள்ளும், அதைச் சாப்பிட்டதும் வாயைக் கொப்பளியுங்கள்.

கம்பி உரசிப் புண் வந்தால் இளஞ்சூட்டு உப்புத்தண்ணீர் சுகம் தரும். கராம்பு எண்ணெயை நேரே பூச வேண்டாம், முரசை எரித்துவிடும். எலுமிச்சையும் ஆகாது, பக்டீரியா செய்யும் வேலையை அதன் அமிலமே செய்துவிடும்.

மிஸ்வாக்கும் பிரஷ்ஷும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. கம்பி இருக்கும் காலத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.