ஜவ்வுக் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜன்: வினையூக்கிகள் எதிர்கொள்ளும் அழுக்கு

பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தில் உருவாகும் கழிவு என்றதுமே குரோமியம் கலந்த நீர்தான் பேசப்படுகிறது; திடக்கழிவு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. உப்பிட்டு வரும் 1,000 கிலோ பச்சைத் தோலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோ பதனிட்ட தோல்தான் கிடைக்கிறது. எஞ்சியவற்றுள் பெரும் பங்கு, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் ஊறி மயிர் நீங்கிய தோலின் உட்புறத்தை எந்திரத்தின் சுருள் கத்திகள் வழிக்கும்போது விழும் ஜவ்வு ஆகும். சாம்பல் வெண்மையாக, வழுவழுப்பாக, அழுகிய முட்டையின் நெடியோடு குவியும் இந்த ஜவ்வில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. புரதம் நெடுங்காலமாகப் பசை காய்ச்சப் பயன்பட்டு வருகிறது. கொழுப்பை உருக்கிப் பிரித்து உயிரி டீசலாக மாற்ற முடியும் என்பதைச் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் துருக்கி போன்ற தோல் தொழில் நாடுகளின் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள்.

தாவர எண்ணெயானாலும் விலங்குக் கொழுப்பானாலும் உயிரி டீசல் செய்யும் வழி ஒன்றே. கொழுப்பின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கோத்த அமைப்பாக இருப்பதால், மெத்தனாலையும் சிறிதளவு காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகள் கழன்று மெத்தனாலோடு இணைந்து டீசலாக மேலே மிதக்கின்றன. கிளிசரால் பழுப்பு நிறக் குழம்பாக அடியில் தங்குகிறது. 100 கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 10 கிலோ என்ற அளவில் இது கட்டாயம் வந்தே தீரும். தூய கிளிசராலை மருந்து, சோப்பு, அழகுப்பொருள் தொழில்கள் வாங்கிக்கொள்ளும் என்றாலும், மெத்தனால், சோப்பு, உப்பு, நீர் எல்லாம் கலந்த இந்தக் குழம்பைத் தூய்மையாக்குவது செலவு பிடிக்கும் வேலை. 2000-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயிரி டீசல் உற்பத்தி பெருகியபோது கிளிசரால் சந்தையில் தேங்கி விலை சரிந்தது. 2030-க்குள் டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலக்க வேண்டும் என்று 2018-இல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை குறிக்கும் இலக்கு நிறைவேறினால், இந்தியாவும் அதே தேக்கத்தைச் சந்திக்கக்கூடும்.

இந்தக் குழம்பை ஹைட்ரஜனாக்குவதே வேதியியலாளர்களைப் பெரிதும் ஈர்த்திருக்கும் வழி. ஒரு கிளிசரால் மூலக்கூறு மூன்று நீர் மூலக்கூறுகளோடு வினைபுரிந்தால் மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் ஏழு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் கிடைக்கும்; நீராவி மறுசீராக்கம் எனப்படும் இந்த வினை முழுமையாக நடந்தால் 100 கிலோ கிளிசராலுக்கு 15 கிலோ ஹைட்ரஜன் என்பது கணக்கு. வினையை இடையில் நிறுத்திக்கொண்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுப்பு வாயு உருவாகும். மெத்தனால் முதல் செயற்கை டீசல் வரை பலவற்றுக்கு அதுவே மூலப்பொருள். ஆனால் இவ்வினை வெப்பத்தை விழுங்குவது. வினையூக்கி இல்லாமல் வெறுமனே சூடேற்றினால் கிளிசரால் கண்டபடி சிதைந்து தாரும் கரியுமாகிவிடும்.

வினையூக்கி என்பது வினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் தீர்ந்துபோகாமல் நிற்கும் பொருள் என்று பாடநூல்கள் சொல்வது உண்மைதான் என்றாலும், இங்கே அதைவிட முக்கியமானது எந்தப் பிணைப்பை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்ற தேர்வு. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு அறுந்தால் ஹைட்ரஜன் வரும். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலானது அறுந்தால் கிடைத்த ஹைட்ரஜனையே தின்று மீத்தேன் உருவாகும். பிளாட்டினம், ருத்தேனியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் கார்பன்-கார்பன் பிணைப்பைத் திறம்பட அறுக்கின்றன. நிக்கல் அவற்றுக்கு ஓரளவு ஈடாக, மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. நிக்கலைச் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கி, நுண்துளைகள் நிறைந்த அலுமினா போன்ற தாங்கியின் மேல் பரப்பி, 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் கிளிசரால் ஆவியையும் நீராவியையும் அதன் ஊடே செலுத்துவது வழக்கமான முறை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டுமெசிக் குழுவினர் 2002-இல், கிளிசராலை ஆவியாக்காமல் அழுத்தத்தில் நீர்க்கரைசலாகவே வைத்து, 225 முதல் 265 டிகிரியிலேயே பிளாட்டினம் கொண்டு ஹைட்ரஜன் எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, நிக்கலோடு வெள்ளீயம் சேர்த்தால் மீத்தேன் உருவாவது அடங்குவதையும் நிறுவினார்கள்.

நிக்கலின் பெரும்பகை கரி. அலுமினாவின் பரப்பில் அமிலத் தன்மை உள்ள இடங்கள் கிளிசராலிலிருந்து நீரைப் பிடுங்கி அக்ரோலினை உண்டாக்குகின்றன. வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணையும் மூக்கையும் எரிக்கும் நெடி இந்த அக்ரோலினுடையதே. அது ஒன்றோடொன்று பிணைந்து கரியாகப் படிந்து நிக்கலை மூடிவிடுகிறது. மெக்னீசியம், லாந்தனம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்து அமிலத் தன்மையைத் தணிப்பதும், ஆக்சிஜனைச் சேமித்து வைத்து வழங்கவல்ல சீரியம் ஆக்சைடைச் சேர்த்துப் படியும் கரியை உடனுக்குடன் எரிப்பதும் இதற்குக் கண்ட மருந்துகள். வெப்பத்தில் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பருத்துப் பரப்பை இழப்பது இரண்டாவது இடர். மூன்றாவது நஞ்சேறல்; தோல் வட்டாரத்துக்கு உண்மையான சவால் இங்கேதான் இருக்கிறது.

ஏனெனில் நிக்கலுக்குக் கந்தகம் கொடிய நஞ்சு. மிகச் சிறிய அளவில் இருந்தாலே நிக்கல் பரப்பில் இறுகப் பற்றிக்கொண்டு விடாது. ஜவ்வோ சல்பைடுத் தொட்டியிலிருந்தே வருகிறது. போதாக்குறைக்கு, தேங்கிக் கிடந்த ஜவ்வின் கொழுப்பில் தனித்த கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருப்பதால், காரத்தைச் சேர்த்தால் அது சோப்பாகிவிடும். அதைத் தவிர்க்க முதலில் கந்தக அமிலம் கொண்டு பக்குவப்படுத்துவது வழக்கமாதலால் கந்தகம் இன்னொரு வழியாகவும் நுழைகிறது. சோடியம், பொட்டாசியம் உப்புகளோ ஆவியாகாமல் வினையூக்கியின் துளைகளை அடைக்கின்றன. இத்தனைக்கும் நடுவில், வெளியாகும் ஆய்வுகளில் மிகப் பல, புட்டியில் வாங்கிய தூய கிளிசராலைக் கொண்டே நடத்தப்பட்டவை. அவை வினையின் இயல்பை விளக்குகின்றன. ஆனால் ஆம்பூர்க் குழம்பு அதே வினையூக்கியை எத்தனை மணி நேரம் வாழவிடும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. 2006 முதல் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் இயங்கும் சென்னை ஐஐடியும் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரே சாலையில் அருகருகே அமைந்திருக்கும் மாநிலத்தில், அந்தக் குழம்பையே எடுத்துச் சோதிப்பது எட்டாத காரியம் அல்ல.

மறுசீராக்கத்தில் உருவாகும் கார்பன் மோனாக்சைடை நீராவியோடு சேர்த்து மேலும் ஹைட்ரஜனாக்கும் அடுத்த கட்டத்துக்கு உலகெங்கும் வழங்கும் வினையூக்கி இரும்பு ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் கலந்தது. இரும்பின் துகள்கள் ஒன்றாகிவிடாமல் தடுப்பது குரோமியத்தின் வேலை. அந்த வினையூக்கியில் நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறன் குரோமியமும் சிறிதளவு இருப்பதால், காலாவதியானபின் அதை அப்புறப்படுத்துவது எளிதன்று. மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த ராணிப்பேட்டையில் இன்னொரு குரோமியக் கழிவுக்கு இடம் தருவது நியாயமாகாது. குரோமியம் இல்லாத மாற்றுகளையே இவ்வட்டாரம் நாட வேண்டும்.

ராணிப்பேட்டை மாவட்டத்தின் நெமிலி வட்டாரம் இதில் இரு வகையில் இணைகிறது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரி வழியாக வரும் நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர்கள் இங்கே இருப்பதால், மேலே ஆற்றில் சேர்வது எதுவும் இவற்றுக்கு அயலார் விவகாரம் அன்று. அந்த நெல்லின் உமியோ இத்தொழில்நுட்பத்துக்குப் பெரிதும் உதவக்கூடியது. உமியை எரித்தால் வினைக்கு வேண்டிய வெப்பம் கிடைக்கும். எஞ்சும் சாம்பலில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. 700 டிகிரியைத் தாண்டாமல் எரித்தால் அந்தச் சிலிக்கா படிகமாகாமல் நுண்துளைகளோடு நின்று நிக்கலுக்குத் தாங்கியாக அமையும். அலுமினாவைவிட அமிலத் தன்மை குறைவாதலால் கரியும் குறையும். சிலிக்காவின் மேல் நிக்கலின் பிடிப்பு தளர்வானது என்பதால் சீரியமோ லாந்தனமோ துணைக்கு வேண்டியிருக்கும்.

சிறிய ஆலைகளுக்கு இன்று கைக்கெட்டும் வழி, ஜவ்வோடு கிளிசரால் குழம்பையும் அளவாகச் சேர்த்துச் சாண எரிவாயுக் கலன் போன்ற காற்றில்லாத் தொட்டியில் நுண்ணுயிர்களிடம் விடுவதே. மேல்விஷாரத்தில் ஜவ்வையும் சுத்திகரிப்புக் கசடையும் கொண்டு இத்தகைய வாயு எடுக்கும் முறை ஏற்கெனவே செயல்படுத்திக் காட்டப்பட்டிருக்கிறது. நுண்ணுயிர்கள் எளிதில் செரிக்கும் கிளிசரால் மீத்தேன் அளவைக் கூட்டும். மிகுந்துபோனால் தொட்டி புளித்து நின்றுவிடும். வெளிவரும் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும், இரும்பு ஆக்சைடுப் படுகையில் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கியபின், அதே நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தித் தொகுப்பு வாயுவாக்கலாம். உப்பும் சோப்பும் தொட்டியிலேயே தங்கிவிடுவதால் வினையூக்கியை அடைவது வாயு மட்டுமே. நேரடி முறையைவிட ஹைட்ரஜன் குறைவாகக் கிடைத்தாலும் நிக்கலின் ஆயுள் நீளும்.