சிக்கனம் வந்தால் சுங்க வேலி ஏன் உயர்கிறது?

அரசாங்கம் செலவை வெட்டத் தொடங்கினால், சில காலத்துக்குள் "வெளிநாட்டுப் பொருளைத் தடுங்கள்" என்ற குரல் எழுவதைப் பல நாடுகளில் காணலாம். இறக்குமதிக்கு வரியும் தடையும் போட்டு உள்ளூர் உற்பத்தியைக் காப்பதைக் காப்புவாதம் என்பார்கள். நாம் வாழும் பிரித்தானியாவின் கதையே இதற்கு நல்ல உதாரணம்.

1903இல் ஜோசப் சேம்பர்லின் என்ற அரசியல்வாதி, இறக்குமதி வரி வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். பாண் விலை ஏறிவிடும் என்ற பயமும் சேர, 1906 தேர்தலில் அவர் பக்கம் படுதோல்வி அடைந்தது. 1931இல் உலகப் பொருளாதார மந்தம். தேசிய அரசாங்கம் வேலையற்றோர் கொடுப்பனவை 10 வீதம் வெட்டியது. ஆசிரியர் சம்பளத்தையும் குறைத்தது. 1932 மார்ச்சில், விலக்கு அளிக்கப்பட்டவை தவிர்ந்த இறக்குமதிகளுக்கு 10 வீத வரி வந்தது. கொண்டுவந்த நிதியமைச்சர் ஜோசப்பின் மகன் நெவில் சேம்பர்லின். தகப்பன் கேட்டபோது மறுத்த நாடு, கையில் காசில்லாத காலத்தில் மகனிடம் அதையே ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது கதை நம் கண்முன் நடந்தது. 2010இல் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் சிக்கன வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2011 ஜனவரியில் வற் வரி 17.5 வீதத்திலிருந்து 20 ஆனது. நகரசபைகளுக்கான பணம் குறைந்தது, நூலகங்கள் மூடப்பட்டன, உதவிக் கொடுப்பனவுகள் சுருங்கின. 2016 வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். கொடுப்பனவு வெட்டு அதிகம் பாதித்த இடங்களில் விலகல் ஆதரவு கூடுதலாக வளர்ந்தது என்று வார்விக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் தீமோ ஃபெட்சர் 2019இல் எழுதினார்.

விலகச் சொன்ன தலைவர்கள் பலர் உலகத்தோடு தாராள வர்த்தகம் என்றுதான் பேசினார்கள். நடைமுறையில், 2021 முதல் பக்கத்துச் சந்தையோடு சுங்கப் படிவங்கள் வந்தன. உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்ட பொருளுக்குத் தீர்வை இல்லை. ஆனால் படிவம் நிரப்பும் செலவும் தாமதமும் கணக்கில் ஏறும். அதில் ஒரு பங்காவது கடை விலையில் வந்து நிற்கும்.

ஏன் இப்படி? வெட்டிய கொடுப்பனவு எந்தக் கோப்பில் வெட்டப்பட்டது என்று சாதாரண மனிதருக்குத் தெரிவதில்லை. கடையில் இருக்கும் வெளிநாட்டுப் பொருளும், பக்கத்து வீட்டுக்கு வந்த புது முகமும் தெரியும். கோபம் தெரிகிற இடத்துக்குப் போகிறது. அரசியல்வாதிக்கும் இது வசதி: வெட்டியதைத் திருப்பிக் கொடுக்கக் காசு வேண்டும், வேலி போடுவதற்கு அவ்வளவு வேண்டாம்.

காப்புவாதத்தை முழு முட்டாள்தனம் என்று நாம் சொல்ல முடியாது. சிறிமாவோ ஆட்சியில் 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மிளகாயும் வெங்காயமும் செய்த நம்மவர்கள் நல்ல விலை கண்டார்கள். கல்வீடுகள் எழுந்தன. அதே நேரம் நாடு பாணுக்கு வரிசையில் நின்றது. 1977இல் ஜே.ஆர். சந்தையைத் திறந்ததும் செத்தல் மிளகாய் விலை விழுந்து, நம் கமக்காரர் நொந்தார்கள். ஒருவருக்கு லாபமானது மற்றவருக்குச் செலவாயிற்று.

ஆகவே அடுத்த தேர்தலில் யாராவது வேலி பற்றிப் பேசினால், நாமும் நம் பிள்ளைகளும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இதனால் யார் சம்பாதிப்பார்? விலையேற்றத்தை யார் கட்டுவார்? வெட்டிய நூலகமும் கொடுப்பனவும் இதனால் திரும்பி வருமா? பொருளுக்கென்று தொடங்கும் வேலி ஆட்களுக்கும் நீளக்கூடியது. 2016இல் சந்தையும் குடிவரவும் ஒரே வாக்குச்சீட்டில்தான் கலந்தன. அகதியாக வந்து குடியுரிமை பெற்ற நமக்கு அந்தக் கேள்விகளைக் கேட்க மற்றவர்களைவிடக் காரணம் அதிகம்.