மழை பெய்யாத ஊரின் உப்பு

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பு தண்ணீரில் கரையும், தண்ணீர் போனால் தங்கும். ஒரு நாட்டுக்குச் செல்வம் வந்த கதை இந்தச் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது.

அந்த நாடு சிலி. உலகப் படத்தில் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். அதன் வடபகுதியில் இருப்பது அட்டகாமா பாலைவனம். துருவப் பகுதிகளை விட்டால் உலகிலேயே மிக வறண்ட இடம் அதுதான். அங்கே சில இடங்களில் வருடக்கணக்கில் ஒரு தூறல்கூட விழுவதில்லை.

மழை பெய்யும் ஊர்களில் நைட்ரேட் என்ற உப்பு மண்ணில் நிலைக்காது, கரைந்து ஓடிவிடும். அட்டகாமாவில் அதைக் கரைக்க மழை ஏது? பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்து, பாறையாக இறுகிக் கிடந்தது. அந்தப் பாறையை அங்கே 'கலீச்சே' என்பார்கள். அதிலிருந்து எடுக்கும் உப்பைத்தான் நாம் சிலி வெடியுப்பு என்கிறோம்.

இதற்கு ஏன் அவ்வளவு கிராக்கி? பயிர் வளரத் தழைச்சத்து வேண்டும். தழைச்சத்து என்று விவசாயி சொல்வது நைட்ரஜனைத்தான். அறுவடை ஆக ஆக மண்ணில் அது குறைந்துகொண்டே போகும். நைட்ரேட்டைத் தூவினால் பயிர் பச்சைப்பசேல் என்று எழும். வெடிமருந்து செய்யவும் அது வேண்டும். அதனால் ஐரோப்பா முழுவதும் கப்பல் கப்பலாக வாங்கியது. இந்தப் பாலைவனத்துக்காக 1879-இல் சிலி, பெருவோடும் பொலிவியாவோடும் போருக்கே போனது. வென்றதும் சிலிதான். பொலிவியா தன் கடற்கரையை இழந்தது. இன்றுவரை அதற்குக் கடற்கரை இல்லை.

அதன்பிறகு பல ஆண்டுகள் சிலி அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி, நைட்ரேட் ஏற்றுமதி வரியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடமும் ரயில் பாதையும் அந்தப் பணத்தில் வந்தன. ஆனால் பாறையை உடைத்தவர்கள் கையில் பணமே கிடைக்காது. கூலியாகக் கம்பெனியின் டோக்கனைக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான வில்லை அது. அந்தக் கம்பெனியின் கடையில்தான் செல்லும். கடைக்காரர் சொன்னதுதான் விலை. அடுத்த ஊருக்குப் போனால் அது வெறும் தகடு. 1907-இல் இகீக்கே நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நியாயம் கேட்டுக் கூடிய தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. எத்தனையோ பேர் இறந்தார்கள். செல்வம் வந்த கதையைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதில் இரண்டிரண்டு அணுக்கள் இறுகக் கைகோத்து நிற்கின்றன. பயிரால் அந்தப் பிடியைப் பிரிக்க முடியாது. அவரை, பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் செய்கின்றன. மனிதனால் முடியுமா? முடியும் என்று 1909-இல் கார்ல்ஸ்ருஹே நகரத்து ஆய்வகத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்துகாட்டினார். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் சூட்டில், கடும் அழுத்தத்தில் சேர்த்தார். சொட்டுச் சொட்டாக அம்மோனியா வந்தது. கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கினார். 1913-இல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்ததால் சிலியின் நைட்ரேட் ஜெர்மனிக்குப் போகவில்லை. காற்றிலிருந்து எடுத்த அந்த அம்மோனியாவைக் கொண்டே ஜெர்மனி நைட்ரேட்டைச் செய்துகொண்டது.

போர் முடிந்ததும் இந்த வித்தை மற்ற நாடுகளுக்கும் பரவியது. காற்று எல்லா ஊரிலும் இருக்கிறதே! சிலியின் உப்பை யார் வாங்குவார்கள்? 1929-இல் உலகப் பொருளாதாரமே சரிந்தபோது, உலகிலேயே மிக மோசமாக அடிபட்ட நாடு சிலி என்று உலக நாடுகள் சங்கம் குறிப்பிட்டது. தப்பு செய்தது அந்தத் தொழிலாளி அல்ல. கடல் கடந்து எங்கோ ஓர் ஆய்வகத்தில் நடந்த மாற்றம் அவர் அடுப்பை அணைத்தது.

ஹம்பர்ஸ்டோன் என்ற நைட்ரேட் ஊர் இன்றும் ஆளில்லாமல் நிற்கிறது. மர நாற்காலிகளோடு நாடகக் கொட்டகை, இரும்புத் தகடுகளை இணைத்துக் கட்டிய நீச்சல் குளம், பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம். மழை இல்லாததால் மரம்கூட அவ்வளவாக மக்கிப்போகவில்லை. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சிலி பிறகு செம்புக்கு மாறியது. இன்று உலகிலேயே அதிகச் செம்பு வெட்டும் நாடு அதுதான். பழைய அடி மறக்கவில்லை போலும்: செம்பு விலை ஏறும் ஆண்டுகளில் கூடுதலாக வரும் பணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் உண்டியலில் போடுவதுபோல் எடுத்துவைத்தது. 2008-இல் உலகம் மறுபடி நெருக்கடியில் விழுந்தபோது அந்தச் சேமிப்பு கைகொடுத்தது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அதே அட்டகாமாவில் இப்போது இன்னொரு உப்பு. நிலத்தடி உப்புநீரை மேலே இறைத்து, தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டுவதுபோலக் கட்டி, வெயிலில் மாதக்கணக்கில் காயவிடுகிறார்கள். நீலமாக இருக்கும் தண்ணீர் சுண்டச் சுண்டப் பச்சையாகி மஞ்சளாகிறது. அதில் இருப்பது லித்தியம். செல்போன், மின்சாரக் கார் பேட்டரிகளுக்கு வேண்டிய உலோகம். பக்கத்து ஏரிகளில் பூநாரைகள் இரை தேடுகின்றன. நீரை இறைத்தால் அவை என்ன செய்யும் என்று அங்குள்ள மக்கள் கேட்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. லித்தியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்துப் பேட்டரி செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சீனாவில் சில கார்களிலேயே பொருத்திவிட்டார்கள். அதே எடைக்கு அது லித்தியம் பேட்டரி அளவுக்கு மின்சாரத்தைத் தேக்குவதில்லை. அதனால் போட்டி இன்னும் முடியவில்லை. சோடியத்துக்குப் பாலைவனம் தேடிப் போகவேண்டாம். உங்கள் தட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிறதே, அந்த உப்பிலேயே இருக்கிறது.