ஆயிரம் லிட்டரில் ஒன்றரை மில்லி

கொச்சி மட்டாஞ்சேரியின் மொட்டை மாடிகளில் நிற்கும் கறுப்புத் தொட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1000 லிட்டர். கடல், பனிமலை, ஏரி, கிணறு, மேகம் எல்லாம் சேர்த்து உலகத்தில் உள்ள தண்ணீர் மொத்தத்தையும் அந்தத் தொட்டிக்குள் அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். உண்மையான கணக்கு சுமார் 138.6 கோடி கன கிலோமீட்டர். அந்த எண் யாருடைய மனதிலும் நிற்காது, தொட்டி நிற்கும்.

தொட்டியில் 975 லிட்டர் உப்புத் தண்ணீர். மீதி 25 லிட்டர்தான் நன்னீர். அதிலும் 17 லிட்டருக்கு மேல் அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் மலைமுகடுகளிலும் உறைந்து கிடக்கிறது. ஏழரை லிட்டர் நிலத்தடியில், பெரும்பகுதி எந்த ஆழ்துளைக் கிணறும் எட்டாத ஆழத்தில். நன்னீர் ஏரிகளுக்கு 66 மில்லி. கங்கை, அமேசான், நைல், பெரியாறு என்று உலகத்து ஆறுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒன்றரை மில்லி.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதையே உருண்டைகளாக வரைந்து காட்டியது. உலகத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரே துளியாகத் திரட்டினால் அதன் விட்டம் சுமார் 1,385 கிலோமீட்டர். கொச்சியில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை நாக்பூரைச் சற்றுத் தாண்டும். நிலத்தடி நீரும் ஏரி, ஆறுகளும் சேர்ந்த உருண்டைக்கு விட்டம் 273 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து பறவை பறக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய திருச்சி வரை. ஏரிகளையும் ஆறுகளையும் மட்டும் திரட்டினால் 56 கிலோமீட்டர், அதாவது கொச்சியிலிருந்து ஆலப்புழை போகும் தூரம்.

படத்தைப் பார்த்தவர்கள் உடனே சொல்வது, "தண்ணீரே இல்லை, நாம்தான் சிக்கனமாக இருக்க வேண்டும்." சிக்கனம் நல்லதுதான். ஆனால் மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு இந்தப் படத்தை வைத்துச் சிக்கனம் போதிப்பது கொஞ்சம் அநியாயம். படம் இருப்பைக் காட்டுகிறது, ஓட்டத்தைக் காட்டவில்லை. அந்த ஒன்றரை மில்லி தேங்கிக் கிடப்பதில்லை. சராசரியாகப் பதினாறு நாளுக்கு ஒருமுறை ஆற்று நீர் முழுவதும் மாறிப் புதிதாகிறது. கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. ஆறுகள் 44. இப்படி ஒரு ஊரில் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தால், குற்றம் பூமியின் தண்ணீர்க் கணக்கில் இல்லை. குழாயிலும் பம்பிலும் சாக்கடையிலும் நிர்வாகத்திலும் இருக்கிறது.

மட்டாஞ்சேரி இருக்கும் மேற்குக் கொச்சி, ஒரு பக்கம் அரபிக்கடலும் மறுபக்கம் காயலும் சூழ்ந்த நிலப்பட்டை. இங்கே கிணறு தோண்டினால் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கும். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நின்றால், அதன் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. திருப்பிப் பார்த்தால், மோட்டார் போட்டு ஒரு மீட்டரை உறிஞ்சினால் உப்பு 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். லட்சத்தீவு வழக்கு ஒன்றில் 1990இல் கேரள உயர் நீதிமன்றம் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். மின்மோட்டார்கள் நன்னீரை இறைத்துத் தள்ளினால் கடல் உள்ளே வரும். நல்ல தண்ணீர் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அப்போதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு இங்கே விருச்சிக வேலியேற்றம் வேறு. கார்த்திகை, மார்கழி வாக்கில் கடல் பொங்கி வாய்க்கால் வழியாக முற்றம் வரை உப்புத் தண்ணீர் வந்து நிற்கும்.

ஆகவே மட்டாஞ்சேரி எப்போதும் வெளித் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த ஊர். போர்த்துகீசியர், டச்சுக்காரர் காலத்தில் ஆலுவாவிலிருந்து படகில் தண்ணீர் வந்தது. யானைக்கால் நோய்க்கு ஐரோப்பியர் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்து, பழியை உள்ளூர்த் தண்ணீர் மேல் போட்டார்கள். (நோயைப் பரப்பியது கொசு; அது பின்னால்தான் தெரிந்தது.) 1910களில் கொச்சி அரசு பெரியாற்றங்கரைச் சொவ்வரையிலிருந்து குழாய் போட்டது. மதுரை, தேனிக்காரர்களுக்கு இந்தப் பெரியாறு வேற்று ஆறு அல்ல. 1895இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையில் ஒரு பங்கு கிழக்கே வைகைக்குத் திரும்புகிறது. மேற்கே ஆலுவா வழியாக இறங்கும் அதே ஆறுதான் இந்த ஊர்க் குழாய்க்கு வந்தது.

இன்று மேற்குக் கொச்சியின் தண்ணீர் பெரும்பாலும் மூவாற்றுப்புழை ஆற்றின் பாழூர் பம்ப் ஹவுசில் எடுத்து, மரடில் சுத்திகரித்து அனுப்பப்படுகிறது. 2023 ஜனவரியில் பாழூரின் மூன்று மோட்டார்களில் இரண்டு பழுதாயின. அவ்வளவுதான், மேற்குக் கொச்சி, மரடு, கும்பளம், செல்லானம் எங்கும் வாரக்கணக்கில் குடம் வரிசை, லாரித் தண்ணீர், சாலை மறியல். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீர் வராமல் இருப்பது ஒரு தொல்லை. விட்டு விட்டு வருவது அதைவிட ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். பம்பிங் நின்றதும் அழுத்தம் விழுந்து, அதே ஓட்டை வழியாக வெளியில் இருப்பது உள்ளே போகும். இங்குள்ள ராமேஸ்வரம், கல்வத்தி கால்வாய்களின் ஓரத்திலும் குறுக்கிலும், சந்துகளின் ஓடைக்குள்ளும் போகும் பழைய இரும்புக் குழாய்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். கறுத்த நீரில் பாதி முழுகி, துருப்பிடித்து, இணைப்பில் ரப்பர் சுற்றிக் கிடக்கும். பெரும்பாலான வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பு கிடையாது, செப்டிக் டேங்க்தான். தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டாரை மாட்டி இழுப்பவர்கள் இந்த ஆபத்தைத் தெரு முழுவதற்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அது விதிமீறலும்கூட. முதலில் தரைத்தொட்டியில் தண்ணீரை விழவிட்டு, அதிலிருந்துதான் மேலே ஏற்ற வேண்டும்.

இதே எர்ணாகுளம் மாவட்டத்தின் வேங்கூரில் 2024 ஏப்ரல், மே மாதங்களில் 200க்கும் மேற்பட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. காரணம் குழாய்த் தண்ணீர். ஹெபடைட்டிஸ் ஏ கிருமிக்குக் கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரும் ஒன்றுதான், கலங்கியதும் ஒன்றுதான். அதனால் தண்ணீரைக் கொதிக்க விட வேண்டும். கொப்பளித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். ஓட்டல்களில் பதிமுகம் என்னும் மரச்சீவலைப் போட்டு இளஞ்சிவப்பாகத் தருகிறார்களே, அந்தத் தண்ணீர் சூடு ஆற வேண்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கலந்திருந்தால் கொதிக்க வைத்ததற்கே அர்த்தமில்லை. நிறம் எந்தக் கிருமியையும் கொல்லாது. தொட்டிக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர், நோய் பரவும் காலத்தில் ஐந்து கிராம், போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். அளவில் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரைக் கேளுங்கள்.

லாரித் தண்ணீர் வாங்கும்போது வாங்குகிறவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. எங்கே நிரப்பியது, உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, கடைசியாகப் பரிசோதித்த சான்று எங்கே என்று கேட்கலாம். டிரைவர் முறைத்தால் முறைக்கட்டும். புகாருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் இலவச எண் 1800 425 1125. குழாய்த் தண்ணீரிலேயே சந்தேகம் என்றால் கேரள வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வுக்கூடம் கொச்சி நெட்டூரில் இருக்கிறது. கட்டணம் கட்டி யாரும் பரிசோதிக்கலாம். அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டு வரிகளைப் பாருங்கள். 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக்கூடாது. எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்பவர்கள், கடைசி வீட்டுக் குழாயில் அந்த வாடையே இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

இனி உரிமை. குடிநீரை அரசு போனால் போகிறது என்று தரும் சலுகையாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். கவுன்சிலரிடம் கேட்கும்போது குரல்கூடத் தாழ்ந்துவிடுகிறது. இந்தியாவில் குடிநீர் உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் ஒன்று இந்த மண்ணிலிருந்தே பிறந்தது. 'விசால கொச்சி குடிவெள்ள சம்ரக்ஷண சமிதி' தொடுத்த வழக்கில், மேற்குக் கொச்சி மக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடிநீருக்காகக் குரல் கொடுத்து வருவதைக் கேரள உயர் நீதிமன்றம் 2006இல் பதிவு செய்தது. போதிய அளவு பாதுகாப்பான குடிநீர் தராமல் இருப்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவையே மீறுவது என்றும், பணம் இல்லை என்பது அரசுக்குச் சாக்காகாது என்றும் கருத்துச் சொன்னது. ஐ.நா. பொதுச்சபை தண்ணீரை மனித உரிமையாக ஏற்றது 2010 ஜூலை 28இல்தான். மட்டாஞ்சேரி நான்கு ஆண்டு முந்திக்கொண்டது. அதற்குப் பிறகும் 2023 வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீர்ப்பு தானாகக் குழாயில் இறங்கி வராது.

கையில் உள்ள வழிகளில் முதலாவது வாட்டர் அத்தாரிட்டியின் 1916. போன் செய்தால் போதாது, புகார் எண்ணை வாங்குங்கள். இரண்டு நாளில் நடவடிக்கை இல்லையென்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் பகுதிக் குழாய்க்குக் கடந்த ஆறு மாதத்தில் நடந்த பரிசோதனை முடிவுகள், பம்பிங் நேரப் பதிவு, குழாய் மாற்றும் திட்டத்தின் நிலை ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஆவணத்தைக் கேட்டால்தான் கிடைக்கும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், வழக்கமாக ஜனவரி மாதத்துக்குள். 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா கட்டணம் கூடிய பிறகு இதைத் தவறவிடுவது பணத்தைத் தவறவிடுவதுதான்.

கொச்சியில் வாடகை வீடுகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வழக்கமாகச் சொல்வது, "பில் வீட்டுக்காரர் பேரில் இருக்கு, நாங்க எப்படிங்க கேக்கிறது?" கேட்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் கட்டுபவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதைவிட எளிய கதவு ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் அமைந்த நிரந்தர மக்கள் நீதிமன்றம். பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்குவது அந்தச் சட்டத்தில் 'பொதுப் பயன்பாட்டுச் சேவை' என்று பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எர்ணாகுளத்தில் இந்த நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பளிக்கலாம், அது இறுதியானது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்டால் வக்கீலை அமர்த்தித் தருவார்கள்.

தெருவே சேர்ந்து போனால் இன்னும் நல்லது. மனுவோடு கடைசி மூன்று தண்ணீர் பில், 1916 புகார் எண்கள், முத்திரை வாங்கிய நகல், ஆய்வுக்கூட அறிக்கை, லாரிக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, தண்ணீர் வந்த நாளும் நேரமும் குறித்த ஒரு நோட்டு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே மனு போட்டபின் அதே தகராறை எடுத்துக்கொண்டு வேறு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஏற்கெனவே வேறு நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கையும் அங்கே கொண்டுவர முடியாது.